ஹில்கா ஹாரன் அடித்த ஞாயிற்றுக்கிழமை

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வேனை ஓட்டுகிற ஹில்கா, ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் மூன்று நிமிஷம் முன்னாடியே வந்து நிற்பாள். இன்ஜினை அணைத்துவிட்டு இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பல் தேய்த்து, ஒரு காலில் பூட்ஸ் மாட்டி, இன்னொன்றைத் தேடி, அழுது, வந்து சேரும்வரை அப்படியே இருப்பாள்.

அவளை ஒரு தடவையாவது ஹாரன் அடிக்க வைப்பது என்று ஏழாம் வகுப்பில் நான் சபதம் போட்டேன். ஒரு பனிப்பொம்மை செய்து, என் சிவப்புக் கோட்டை அதற்கு மாட்டி, நடுரோட்டில் நிறுத்திவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வேன் வந்தது. நின்றது. ஹில்கா இறங்கி, பொம்மையை நோகாமல் ஓரத்துக்கு நகர்த்தி, கோட்டைக் கழற்றி உதறி, நேராக என் மரத்துக்கு வந்தாள்.

"குளிரும். போட்டுக்கோ, பிசாசே."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் குறும்பு செய்து என்ன லாபம்?

எங்கள் ஊரான கூசிலம்பியில் எங்கள் வீட்டைத் தாண்டினால் அவள் வீடுதான், அதோடு ரோடு முடிந்துவிடும். பழைய மர வீடு. முப்பத்திரண்டு வயதில், சுவரைத் தாங்கும் அடிக்கட்டைகள் உளுத்துப்போன நிலையில் வாங்கினாள். கோடைக்கு ஒரு கட்டை என்று ஒன்பது கோடை தானே மாற்றினாள். இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு. ஊருக்குள் யாரையும் நாங்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நீ, வா, போதான். மரியாதையைக் காட்ட வேறு இடம் இருக்கிறது. எங்கள் பக்கமெல்லாம் கதவில் விளக்குமாறு சாய்ந்திருந்தால், வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். கதவு பூட்டியிருக்காது. ஆனாலும் யாரும் தட்டக்கூட மாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள்.

பத்து வயதில் ஒருநாள் ஊரிலுள்ள பதினோரு கதவிலும் நான் விளக்குமாறு சாய்த்து வைத்தேன். அன்று சர்ச்சுக்காரர்கள் வீடு வீடாகக் காபிக்கு வருகிற நாள். பதினோரு வீட்டில் காபி ஆறியது. அது தனிக் கதை. விளக்குமாறு பொய் சொல்லும் என்று எங்கள் ஊரில் அறிந்தவள் நான் ஒருத்திதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன செப்டம்பரில் காட்டில் பழம் பறிக்கப்போன ஹில்கா ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தாள். வலது தோள் இரண்டு இடத்தில் உடைந்தது. நவம்பரில் டாக்டர் வேன் ஓட்டலாம் என்றார், ஆட்டோமேட்டிக் கியர்தானே. ஆனால் காபிப் பானைக்கு மேல் கனமான எதையும் இனி தூக்கவே கூடாது என்றார். இனி என்றால் என்றைக்கும்.

அவள் வீட்டைச் சூடாக்குவது ஒரு பெரிய செங்கல் அடுப்பு. காலையில் இரண்டு சுமை விறகு, சாயங்காலம் இரண்டு சுமை. விட்டால் சமையலறைக் குழாய் உறைந்து வெடிக்கும். கரண்டு ஹீட்டர் வைத்தால் சம்பளம் மொத்தமும் மீட்டருக்கு.

அப்போதுதான் திருட்டு ஆரம்பித்தது. தலைகீழ்த் திருட்டு. ஹில்கா கதவில் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வேனில் போவாள். திரும்பி வந்தால் விறகுப்பெட்டி நிறைந்திருக்கும், அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும். யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வீட்டில் ஆளில்லாத நேரம் போனால் நன்றி கேட்கிற சங்கடம் இல்லையே. நானும் போனேன். ஒருநாள் உள்ளே நுழைந்தபோது தபால்காரி மண்டி போட்டு ஊதிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் வேலையைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஹில்காவுக்கு இது முள்ளாகக் குத்தியது. ஒருநாள் வேனில் மற்றப் பிள்ளைகள் இறங்கிய பிறகு ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். நுர்மெஸ் டவுனில் நகராட்சிக் குடியிருப்பு, மூன்றாம் மாடி, இரண்டு அறை. வேண்டுமா என்று நவம்பர் முப்பதுக்குள் சொல்ல வேண்டும்.

"நல்ல வீடு," என்றாள். "ரேடியேட்டர் தானா சுடுமாம்."

"உன் மூஞ்சியப் பாத்தா வீடு மாதிரி தெரியல, சவப்பெட்டி மாதிரி தெரியுது."

"ஊர்க்காரங்க முதுகுல ஏறி நான் குளிர்காலத்தத் தாண்ட முடியாது, இங்கா." இங்கா நான்தான்.

"அப்போ ஹீட் பம்ப் மாட்டு."

ஏசியைத் திருப்பிப்போட்ட மாதிரி ஒரு சாமான் அது. வெளியே கடுங்குளிர் இருந்தாலும் அந்தக் காற்றிலிருந்தே சூட்டைப் பிடித்து உள்ளே தள்ளும். வெளிச்சுவரில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி, நடுவில் கேஸ் ஓடுகிற செப்புக் குழாய். புதுசு வாங்கி மாட்ட இரண்டாயிரம் யூரோவுக்கு மேல். ஹில்காவிடம் அதில் கால்வாசி இருந்தது. பழசுதான் வழி.

நுர்மெஸில் கேஸ் லைசென்ஸ் வைத்திருக்கிற மெக்கானிக் இல்போ. அவனிடம் கேட்டோம். அவன் மூன்று விரலை மடக்கினான்.

"ஒண்ணு, கழட்டறதுக்கு முன்னாடி கேஸ வெளிப்பெட்டிக்குள்ள இழுத்துப் பூட்டினாங்களான்னு கேளு. ரெண்டு, வெளிப்பெட்டி அடியில சூட்டுக்கம்பி இருக்கான்னு பாரு. இல்லன்னா அடியில ஐஸ் வளந்து ஃபேன முறிச்சிரும். மூணு, சுவத்துல ஓடிக்கிட்டு இருக்கறதத்தான் வாங்கணும். கொட்டகையில தூங்கறத எழுப்பிப் பாக்காத."

முதலாவது பம்ப் ஒரு கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தது. நூறு யூரோதான். விற்கிறவன் பெருமையாகச் சொன்னான்: "நானே கழட்டினேன். ரம்பத்தால அறுத்தேன். புஸ்ஸுனு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"அந்தப் புஸ்ஸுதான்யா பம்ப்பு," என்றேன். ஹில்கா என் காலை மிதித்தாள்.

இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கோடை வீட்டுக்காக வாங்கியது, அடியில் கம்பி இல்லை. நவம்பரிலேயே தாடி வைத்த மாதிரி ஐஸ் தொங்கியது. ஹில்கா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "பாவம்," என்று பம்ப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவது விளம்பரம் பியெலினென் ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்தது. நாலு வருஷம் ஓடியது, வடநாட்டு மாடல், அடியில் கம்பி உண்டு, இப்போதும் சுவரில் ஓடுகிறது, முந்நூற்றைம்பது யூரோ. போன் வேண்டாம், எழுதிக் கேட்கவும். விற்பவர் பெயர் கலெர்வோ. ஹில்கா எழுதினாள், சனிக்கிழமை வாருங்கள் என்று பதில் வந்தது. தொண்ணூறு கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் போனாள்.

சாயங்காலம் வெறும் வேனோடு திரும்பி வந்தாள்.

"என்னாச்சு?"

"ஆளில்ல. விளக்குமாறு இருந்துச்சு."

"சனிக்கிழமை வரச் சொல்லிட்டு ஆளில்லையா? புகை வந்துச்சா கூரையில?"

"வந்துச்சு."

"கார்?"

"நின்னுச்சு."

"பனியில காலடி?"

"கதவுலேருந்து பம்ப் வரைக்கும் இருந்துச்சு. புதுசு."

"ஹில்கா! அந்த ஆளு உள்ளதான் இருந்திருக்காரு!"

"விளக்குமாறு இருந்துச்சு, இங்கா." கர்த்தர் கட்டளையைச் சொல்கிற குரல். "ஒருவேளை வந்துருவாருன்னு கொஞ்ச நேரம் இருந்தேன். கண்ணாடிய இறக்கிட்டு பம்ப் ஓடறதக் கேட்டேன். நல்ல சத்தம். பூனை தூங்கற மாதிரி."

"கொஞ்ச நேரம்னா?"

"ஒன்றரை மணி நேரம்."

செவ்வாய்க்கிழமை விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். விலை முந்நூறாகியிருந்தது. அடியில் புதிதாகச் சில வரி: 'சனிக்கிழமை வேனில் வந்தவருக்கு. நீங்கள் ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டு உள்ளே வராமல் போய்விட்டீர்கள். நான் ஜன்னலருகே இருந்தேன். வெளியே வந்தால் அவசரப்படுத்துவதுபோல இருக்கும் என்று வரவில்லை. பம்ப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஐம்பது குறைத்திருக்கிறேன்.'

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதே சிரிப்போடு ஓடிப்போய் ஹில்காவிடம் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

அவள் படித்தாள். காதிலிருந்து கழுத்துவரை சிவந்தாள்.

"பாத்துக்கிட்டா இருந்தாரு? முழுசா?"

"அதுக்கென்ன? ஆளு இருக்காரு, பம்ப் இருக்கு, விலையும் குறைஞ்சிருக்கு!"

"முன்னபின்ன தெரியாத மனுஷன் வாசல்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்திருக்கேன். அங்கயே ரொட்டி தின்னேன். முட்டைகூட உரிச்சேன், இங்கா! அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" கடிதத்தை எடுத்து மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். "அடுத்த வாரம் சனி முப்பதாம் தேதி. ஆபீஸ் வெள்ளியோட மூடிரும். இந்த ஞாயிறு நான் எங்கயும் போறதா இல்ல. திங்கக்கிழமை அந்த மாடி வீட்டுக்குச் சரின்னு எழுதிடறேன்."

ஒன்பது கட்டையைத் தானே மாற்றியவள், ஒரு முட்டையை உரித்ததற்காக வீட்டை விடப் பார்த்தாள்.

அன்றைக்கே ஹில்கா பேரில் நான் கலெர்வோவுக்கு எழுதினேன்: 'ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வருகிறேன். காபி குடிப்பேன். ஏலக்காய் பன் பிடிக்கும்.' ஒரு மணி நேரத்தில் பதில்: 'சரி. சுடுகிறேன்.'

சனிக்கிழமைதான் அவளிடம் சொன்னேன். ஹில்கா கத்தி என் பிறவியில் அன்றுதான் கேட்டேன்.

"என் பேர்லயா? பன் கேட்டியா? நானா கேட்ட மாதிரியா?"

"வேணாம்னா எழுதிடலாம். உடம்பு சரியில்லன்னு."

"பொய் வேற சொல்லணுமா?" மூச்சு வாங்கினாள். "அந்த மனுஷன் மாவு பிசைஞ்சிருப்பாரு. சொன்ன நேரம் சொன்ன நேரம்தான்."

இதை நம்பித்தான் எழுதினேன். நேரம் குறித்துவிட்டால் ஹில்கா சாவையும் தள்ளிப்போட்டுவிட்டுப் போவாள்.

"நீயும் வர்ற," என்றாள். "பன்ன நீதான் தின்னணும்."

ஞாயிறு, பதினொன்று ஐம்பத்தேழுக்குக் கலெர்வோ வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. இன்ஜின் அணைந்தது. மைனஸ் பதினாலு.

கதவில் விளக்குமாறு.

ஹில்கா மூச்சு விட்டாள். நிம்மதி மூச்சு. "ஆளில்ல. போலாம்."

"புகை வருது."

"அடுப்பு தானா எரியும்."

"பன் வாசனை வருது!"

"வச்சிட்டுப் போயிருப்பாரு."

"ஹில்கா, அங்க பாரு, ஜன்னல் திரை ஆடுது!"

"காத்து."

"உள்ள காத்தா?"

நான் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தேன். "போய்த் தட்டறேன்."

"விளக்குமாறு இருக்கற கதவத் தட்டினா, நாளைலேருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகணும், சொல்லிட்டேன்."

உட்கார்ந்தேன். வீட்டுப் பக்கச் சுவரில், பனிக்கு மேலே இரும்புக் காலில் அந்த வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பூனை என்று அவள் சொன்னது சரிதான். திடீரென்று ஃபேன் நின்றது. பெட்டி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். பின்பக்கம் படிந்திருந்த உறைபனி உருகி, ஆவி பறந்து, அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்மேல் விழுந்தது. ஒரு துணுக்கு ஐஸ்கூட மிச்சம் நிற்கவில்லை. பிறகு ஃபேன் மறுபடி சுற்றியது. தானே முகம் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பியது போல. நல்ல பம்ப் அப்படித்தான் செய்யும் என்று இல்போ சொல்லியிருந்தான்.

ஹில்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். பார்வை பெட்டியிலிருந்து விளக்குமாற்றுக்குப் போனது. மறுபடி பெட்டிக்கு வந்தது. நல்ல கையால் ஸ்டியரிங்கைத் தடவினாள்.

"ஒன்பது கட்டை," என்று யாரிடமோ சொன்னாள்.

ஹாரன் அடித்தாள்.

ஒரே ஒரு தடவை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அடித்தாள். காக்கைக் கூட்டம் எழும்பியது. ஏரிக்கு அப்பால் எங்கேயோ நாய் குரைத்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன், அதையும் மீறிக் கேட்டது.

கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. விளக்குமாறு பனியில் விழுந்தது. கம்பளி சாக்ஸும் ஏப்ரனுமாக ஒல்லியான மனுஷர் ஒருவர், அறுபத்தைந்து இருக்கும், காதுக்கு ஒன்றாக இரண்டு மெஷினோடு நின்றார்.

"பன்னிரண்டுன்னு சொன்னீங்க," என்றார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. அதான் வெளிய வரல."

உள்ளே காபி. பன். நான் நாலு தின்றேன், அவளுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து. ஹில்கா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"போன வாரம் நான் உள்ள வராததுக்குக் காரணம் பம்ப் இல்ல. விளக்குமாறு இருந்துச்சு."

"ஆமா. பனி கூட்டினேன்."

"கதவுல சாஞ்சிருந்துச்சு."

"வேற எங்க சாய்க்கறது? சாய்ச்சிட்டுப் பின்கதவு வழியா உள்ள போயிடுவேன்."

ஹில்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீங்க எந்த ஊரு?"

"துர்கு பட்டணம். அங்க மாடி வீடு, கூட்டற வேலையே இல்ல. இங்க வந்து நாலு வருஷமாச்சு."

"நாலு வருஷமா அங்கதான் சாய்க்கறீங்களா?"

"தினமும்."

"யாராவது வந்திருக்காங்களா வீட்டுக்கு?"

கலெர்வோ காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "முதல் வருஷம் வாரா வாரம் பன் சுட்டேன். சில பேரு முற்றம் வரைக்கும் வருவாங்க. கதவப் பாப்பாங்க, திரும்பிப் போயிடுவாங்க. இங்க ஆளுங்க அப்படித்தான், புதுசா வந்தவங்களப் பிடிக்காதுன்னு நெனச்சேன்." காதைத் தொட்டுக்காட்டினார். "போன வருஷம் இத வாங்கினேன். எவனாவது பேசினா காதுல விழட்டுமேன்னு. இந்தப் பம்ப் ஒண்ணுதான் பேசுச்சு. ராப்பகலா பேசுச்சு. அதான் விக்கறேன். விறகு தூக்க எனக்கு ரெண்டு தோளும் நல்லாத்தான் இருக்கு."

ஹில்கா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கதவில் விளக்குமாறு சாய்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"நாலு வருஷமாவா?" என்றார்.

"நாலு வருஷமா நீங்க வீட்ல இல்ல," என்றாள் ஹில்கா.

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பன்னைக் கீழே வைத்தேன். சிரிப்புதான். அல்லது இரண்டும். எனக்குத் தெரியாது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹில்கா எழுந்தாள். "ஆணி இருக்கா? சுத்தியல்?"

நான் அடிக்கிறேன் என்றேன், விடவில்லை. இடது கையால் அடித்தாள். முதல் ஆணி வளைந்தது, இரண்டாவது பறந்து பனியில் காணாமல் போனது, மூன்றாவது கதவுக்கு ஓரமாகச் சுவரில் இறங்கியது. விளக்குமாற்றை அதில் தொங்கவிட்டாள். பிறகு பர்ஸைத் திறந்தாள்.

"முந்நூத்தம்பது."

"முந்நூறுன்னு போட்டிருக்கேன்."

"அம்பது, நான் உள்ள வராததுக்காகக் குறைச்சது. இப்போதான் வந்துட்டேன்ல?"

"குறைச்சது குறைச்சதுதான்."

"அப்போ பன்னுக்கு வச்சுக்கோங்க. இவ நாலு தின்னா."

ஒரு சாமானுக்கு அதிக விலை கொடுப்பேன் என்று ஒருத்தி சண்டை போட்டு ஜெயித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை இல்போ போய்க் கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டி, புஸ் என்று ஒரு சத்தமும் வராமல் கழற்றினான். பள்ளிக்கூட வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு அதில் வந்தது பம்ப். கூரைப்பனி சரிந்து விழாத பக்கமாகப் பார்த்து, இரும்புக் காலில் உயரமாக மாட்டினோம். ஹில்கா வியாழக்கிழமை முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை நகராட்சிக்குப் போன் செய்தாள். பக்கத்தில் நானும் இருந்தேன்.

"அந்த மூணாவது மாடிய வேற யாருக்காவது குடுத்துருங்க," என்றாள். கொஞ்சம் யோசித்து, "நல்ல வீடுதான். நான் ஒண்ணும் குத்தம் சொல்லல," என்றும் சேர்த்தாள். வீடு மனம் நோகக்கூடாதே.

கலெர்வோ வீட்டு விஷயத்தை ஹில்கா யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன். ஏரிக்கு அக்கரையில் இருக்கிற தபால்காரியின் தங்கை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு அவர் முற்றத்தில் ஐந்து கார் நின்றதாம். இப்போது பேச்சுத் தொல்லை தாங்காமல் காது மெஷினை ஒன்றுதான் மாட்டுகிறார் என்று கேள்வி.

டிசம்பர் நடுவில் மைனஸ் இருபத்தேழு வந்தது. அந்த மாதிரிக் குளிரில் பம்ப்புக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும். சாயங்காலம் இடது கையால் ஒவ்வொரு கட்டையாகக் கொண்டுவந்து அடுப்பில் ஒரு தடவை போடுகிறாள் ஹில்கா. அவளே போடுகிறாள். சமையலறையில் பத்தொன்பது டிகிரி. குழாயில் தண்ணீர் வருகிறது.

காலையில் விளக்குமாற்றைக் கதவில் சாய்த்துவிட்டுத்தான் போகிறாள். தலைகீழ்த் திருடர்கள் பழக்கதோஷத்தில் இன்னமும் உள்ளே போகிறார்கள். விறகுக்கு வேலை இல்லாததால் சூட்டில் கொஞ்சம் உட்கார்ந்து, அவள் காபியைப் போட்டுக் குடித்துவிட்டு வருகிறார்கள். நேரான திருட்டாகவே ஆகிவிட்டது. காபித் தூள் சீக்கிரம் தீர்கிறது என்று ஹில்கா முணுமுணுக்கிறாள். ஆனால் டப்பாவைப் பெரிதாக மாற்றிவிட்டாள்.

இன்னொரு விஷயம். வேன் இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்குச் சரியாக வருகிறது. மூன்று நிமிஷம் முன்னாடி வருவதில்லை. ஹில்கா லேட் என்று சின்னப் பிள்ளைகள் புகார் சொல்கின்றன. அந்த மூன்று நிமிஷம் எங்கே போகிறது என்று எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். தன் வீட்டு முற்றத்தில், இன்ஜினைப் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்து அவள் பம்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.